ஆத்துக் கெண்டையும் ஆவியில் வெந்த என் மானமும்

என் மச்சான் மாதேஷுக்கு நான் இரண்டு முறை அநியாயம் செய்திருக்கிறேன். முதல் முறை ஒரு காதுகுத்தில். இரண்டாம் முறை ஒரு மீனில். முதலாவதற்கு அவசரம்தான் காரணம் என்று சொல்லி ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. எல்லாருடைய உடம்புக்கும் நல்லது என்று நினைத்து, நிதானமாக, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். (உடம்புக்கு நல்லது என்று பேச்சை ஆரம்பிக்கிறவனைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.)

மாதேஷ் என் மனைவி செல்வியின் அண்ணன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் துடுப்பை ஒருமுறை இழுத்துவிட்டு அடுத்த இழுப்புக்கு முன்னால் சொல்வதுபோல, விட்டு விட்டுத்தான் சொல்வார். எனக்கோ எதிராளி முதல் வார்த்தையைச் சொல்லும்போதே கடைசி வார்த்தை தெரிந்துவிடும். தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுத வருகிறவர்கள் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி மனுவை எழுதிவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது.

காதுகுத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் நித்யாவுக்கு பதினோராவது மாதம் முனியப்பன் கோயிலில் காது குத்தினோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குக் காவிரியில் தண்ணீர் கூடிவிட்டதால் பரிசல்களையெல்லாம் கரையேற்றிக் கட்டச் சொல்லிவிட்டார்கள். மச்சான் கட்டிவிட்டுப் புறப்பட நேரமாகிவிட்டது. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. பத்தேகாலுக்கு ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்.

"ஏங்க, அண்ணன் வந்துரும், பென்னாகரம் தாண்டிட்டேன்னு போன் பண்ணுச்சு" என்றாள் செல்வி.

"பென்னாகரம் தாண்டி இங்க வர்றதுக்குள்ள நேரம் போயிடும்" என்று நான் கணித்துச் சொல்லி, குழந்தையைத் தூக்கி என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன்.

குத்தி முடித்து ஏழெட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மச்சான் சீர்த்தட்டோடு உள்ளே வந்தார். தட்டில் பட்டுப்பாவாடை, பழம், ஒரு சின்ன டப்பியில் தங்கத் தோடு. குழந்தை என் தம்பி மடியில் அழுதுகொண்டிருந்தது. அவர் தட்டைச் செல்வியின் கையில் கொடுத்தார், திரும்பி நடந்தார். பந்தியில் இலை போட்டிருந்தது. கை நனைக்காமலே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று அர்த்தம். ஆறு வருஷம் மச்சான் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. செல்வி அந்தத் தோடு டப்பியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். "எங்கண்ணன் கையாலதான் போடணும்" என்று ஒரே பேச்சு. அதுவரை நித்யா சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் தோட்டோடு வளர்ந்தாள். ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் எனக்கு நெஞ்சில் முள் குத்தும். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. என் கணிப்பு தப்பு என்று எப்படி ஒத்துக்கொள்வது?

இதற்கிடையில் எனக்கு ஞானோதயம் உண்டானது. ஊரில் நடந்த இலவச மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு டாக்டரம்மா, "கொழுப்பு கொஞ்சம் கூட இருக்குங்க. பொரிச்சதைக் குறைங்க. மீன் சாப்பிடறவரா இருந்தா குழம்பு வெச்சு சாப்பிடுங்க, நல்லது. தினம் நடங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் குழம்பையும் நடையையும் நான் காதில் வாங்கவே இல்லை. 'பொரிச்சது' என்ற ஒரே வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். எண்ணெய் எமன் என்றார் ஒருவர். உப்பு வெள்ளை விஷம் என்றார் இன்னொருவர். மீனை வெட்டினால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும், முழுசாக ஆவியில் வேகவைப்பதுதான் உத்தமம் என்றார் மூன்றாமவர். மூன்று பேரையும் நம்பினேன். வீட்டில் எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்க ஆரம்பித்தேன். (என் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பவுடர் போடும்போதுகூட அவ்வளவு சிக்கனம் பார்த்ததில்லை.) தோசையைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை, சுரண்டினோம். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசம் வந்தால் நித்யா கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, "அங்க போய் படிக்கறேம்பா" என்று ஓடிவிடுவாள். அந்த வருஷம் அவள் நிறையப் படித்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை செல்விக்கு போன் வந்தது. பேசி முடித்தவள் போனைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.

"அண்ணன் ஞாயித்துக்கெழம வருதாங்க. ஆத்துல பெரிய கெண்டை மாட்டியிருக்குதாம், கொண்டாருதாம். 'மாங்கா போட்டுக் கொளம்பு வெய்யி பாப்பா'ன்னு சொல்லுச்சு."

மச்சான் மனைவி நன்றாகச் சமைப்பவர்தான். ஆனால் மீன் குழம்பில் மாங்காய் போட மாட்டாராம். அது செல்வியின் கைக்கு மட்டுமே வரும் குழம்பு. ஆறு வருஷக் கோபத்தை விட்டுவிட்டு வருகிறவர் அதைத்தான் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. செல்வி ஜன்னல் கம்பியைக்கூடக் கழுவினாள். ஞாயிறு காலையில் மல்லியும் மிளகாயும் வறுத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் வைத்து அரைத்து, புளியை ஊறப்போட்டு, புளிப்பான மாங்காயாகப் பார்த்து நறுக்கி வைத்தாள். தோடு டப்பியை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கையால் நித்யாவுக்குத் தோடு போட வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது, அதுதான் வினை. மன்னிப்புக் கேட்க வாய் வராது. ஆனால் என் கையாலேயே சமைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினால் அந்தக் காதுகுத்து மறந்துபோகும் என்று நம்பினேன். மனசார நினைத்தேன். அதில் மட்டும் கள்ளம் இல்லை.

பதினோரு மணிக்கு மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஈரச் சாக்கு. உள்ளே இரண்டு கிலோவுக்குக் குறையாத கெண்டை, வெயிலில் செதில் மின்னியது.

"வாங்க மச்சான்."

"வந்துட்டேங்க மாப்ள." சிரித்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். நித்யாவைக் கூப்பிட்டு, காது மடலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு அருவாமனை குடு பாப்பா. வெளிய கொழாக்கிட்ட ஒக்காந்து கழுவிக் குடுத்துர்றேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டே மீன் கழுவக்கூடிய மனிதர் அவர். நான் சாக்கை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க விருந்தாளிங்க மச்சான், உக்காருங்க. இன்னிக்கி சமையல் என்னுது. எண்ணெயே இல்லாம, ஆவியில! உங்க வயசுக்கும் அதான் நல்லது."

செல்வி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். குரலை அடக்கிக்கொண்டு, "ஏங்க, இன்னிக்கி ஒரு நாளு வுடுங்க. ஒங்க ஆவியெல்லாம் நாளைக்கி வெச்சிக்கலாம்" என்றாள்.

"உங்கண்ணன் மேல இருக்கற அக்கறைலதான் செய்யறேன்."

"சரி, பாதி மீனாவது குடுங்க. நான் கொளம்பு வெக்கிறேன்."

"வெட்டுனா சத்து போயிடும் செல்வி."

அவள் என்னைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் காதில் விழும்படி இன்றைக்கு ஒரு சண்டை கூடாது என்று முடிவு செய்தாள் போலிருக்கிறது. அரைத்த மசாலாவைத் தட்டுப் போட்டு மூடி ஓரமாக வைத்தாள். அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குழாயடியில் செதிலைச் சுரண்டினேன். பாதி செதில் மீனை விட்டு என் முகத்துக்கு வந்தது, மீதி மீனிலேயே தங்கியது. வயிற்றைக் கிழித்து உள்ளே கையை விட்டு இழுத்தேன். பச்சையாக, திராட்சைப் பழம் அளவுக்கு ஏதோ ஒன்று பொட்டென்று உடைந்து சாறு பரவியது. ஆற்றுப் பாசி தின்ற மீன், பச்சையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

வாசல்படியில் வந்து நின்றிருந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டார். "மாப்ள, அந்தப் பச்சையா இருக்குது பாருங்க, அத..."

"தெரியும் மச்சான், தெரியும். நீங்க போய் உக்காருங்க."

அவர் இன்னும் ஒரு வினாடி நின்றார். பிறகு போய் உட்கார்ந்துவிட்டார். காதுகுத்தில் அவருக்காகக் கால் மணி நேரம் பொறுக்கவில்லை. இப்போது ஒரு வாக்கியம் முடியும்வரை பொறுக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கவிச்சி போகும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உப்பு வெள்ளை விஷமாயிற்றே! வெறும் தண்ணீரில் அலசினேன். வாழையிலையில் சுற்றி இட்லிக் குண்டானில் இறக்கினால் மீன் உள்ளே போக மாட்டேன் என்றது. வட்டமாக வளைத்தேன். தலை உள்ளே போனால் வால் வெளியே வந்தது, வாலை அமுக்கினால் தலை மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. கடைசியில் மூடியின் மேல் இடிகல்லைத் தூக்கி வைத்து அதன் வாயை அடைத்தேன். முக்கால் மணி நேரம் வெந்தது. வீடு முழுக்க ஒரு வாசம் வந்தது. அதை வாசம் என்று அன்றைக்கு நான் மட்டும்தான் சொன்னேன்.

இலை போட்டு மச்சானையும் நித்யாவையும் உட்கார வைத்தேன். சோறு, செல்வி அவசரமாக வைத்த ரசம், நடுவில் என் மீன். வெள்ளை வெளேரென்று, அங்கங்கே லேசான பச்சையோடு இருந்தது. பெரிய துண்டமாகப் பிய்த்து அவர் இலையில் வைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். தாடை ஒரு கணம் நின்றது. கண்ணை மூடித் திறந்தார். பிறகு மென்று விழுங்கினார்.

"எப்படிங்க மச்சான்?"

"நல்லாருக்குதுங்க."

நித்யா ஒரு வாய் வைத்ததுமே துப்பினாள். "அப்பா, கசக்குது!"

"மாமா எப்டி சாப்புடறாரு பாரு! எண்ணெய்ல பொரிச்சே தின்னு பழகிட்ட, அதான் உனக்கு நாக்கே செத்துப்போச்சு. இலைல வெச்சத முழுசா சாப்புடணும்" என்று கண்ணை உருட்டினேன்.

குழந்தை கண் கலங்கிவிட்டது. மச்சான் என் பக்கம் பார்க்கவில்லை. கையை நீட்டி அவள் இலையிலிருந்த துண்டத்தை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார். "மாமனுக்கு பத்தலடா கண்ணு. நீ ரசம் ஊத்திச் சாப்புடு" என்றார். அதையும் சாப்பிட்டார். அவர் அப்படி விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு துண்டம் வைத்தேன். வேண்டாம் என்று கையை மறிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று வைத்தேன். நெற்றியில் வேர்வை வழிய அதையும் சாப்பிட்டு முடித்தார். இலையில் முள் மட்டும்தான் மிச்சம்.

கை கழுவியவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வி தோடு டப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, ஒன் கையால..."

"இன்னொரு நாளு பாப்பா. சாயந்தரம் பரிசலுக்கு ஆளு வரும். நான் போவணும்." அவர் முகம் வெளுத்திருந்தது. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வாசலில் செல்வி டப்பியோடு நின்றாள்.

பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். வேப்பங்கொழுந்தை அரைத்துச் சேற்றில் குழைத்த மாதிரி இருந்தது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, கசப்பு மட்டும் தொண்டை வரைக்கும் இறங்கியது. அந்தப் பச்சைப் பை பித்தப்பை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டு போட்டு உப்பில் தேய்த்துக் கழுவியிருந்தால்கூட ஒன்றிரண்டு துண்டத்தோடு போயிருக்கும். முழுமீனாக இலையில் பொத்தி அவித்ததால் கசப்பு ஒரு இடம் விடாமல் ஊறியிருந்தது. நான் ஒரு வாய்தான் தின்றேன். அவர் நித்யாவுடையதையும் சேர்த்து மூன்றரைத் துண்டம் தின்றிருந்தார்.

சமையலறைக்குப் போனேன். செல்வி மூடிவைத்த மசாலாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"ஆறு வருசங்க. ஒரு வாய் கொளம்பு கேட்டுச்சு எங்கண்ணன்" என்றாள்.

 

மறுநாள் மச்சான் மனைவி போன் செய்தார். வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி வாந்தி எடுத்தாராம். ராத்திரியெல்லாம் வயிற்றால் போய், காலையில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "என்னாங்க சாப்ட்டாரு அங்க? கேட்டா, 'மாப்ள பிரமாதமா சமைச்சாரு'ங்கறாரு!" என்றார். போனை வைத்துவிட்டு நான் கடையைத் திறக்கவில்லை. ஒகேனக்கல் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவனுக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை.

"கசக்குதுன்னு சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றேன் கடைசியில்.

"பித்து ஒடஞ்சிருச்சுன்னு... சொல்ல வந்தேங்க. நீங்க வுடல."

"சரி, அப்புறம் எதுக்குச் சாப்ட்டீங்க? எழுந்திருக்க வேண்டியதுதானே?"

அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். நான் முதல் முறையாகக் காத்திருந்தேன்.

"ஒருக்கா எலைல ஒக்காராம போயி... ஆறு வருசமாச்சு. இன்னொருக்கா எழுந்தா பாப்பா தாங்காதுங்க மாப்ள."

அங்கேயே அழுதுவிட்டேன். காதுகுத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "வுடுங்க, வுடுங்க" என்றார். பிறகு, அடக்க முடியாமல் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலி தாங்காமல் மறுபடி படுத்துக்கொண்டார்.

ஆனாலும் அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. வேலை இருந்தது, ஆற்றில் தண்ணீர் இருந்தது என்றுதான் சொன்னார்கள். நான் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன். அந்த எட்டு மாதமும் நித்யாவின் காதில் பிளாஸ்டிக் தோடுதான்.

வரவில்லையே தவிர மீன் வந்தது. மாதம் ஒரு தடவை பஸ் கண்டக்டரிடம் ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்புவார். செதில் எடுத்து, பித்தப்பையை முழுசாக நீக்கி, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிய மீன். முழு மீன் அனுப்புவதே இல்லை. கூடவே செல்விக்கு ஒரு போன் வரும்: "டப்பாவ மாப்ள கைல குடுக்காத." பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிவரும் உரிமைகூட நித்யாவுக்குத்தான்.

மீனை உடம்புக்கு ஆகிறமாதிரி வீட்டில் சமைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று இப்போது தெரிகிறது. செல்வி குழம்புக்கு இரண்டு கரண்டி எண்ணெய்தான் விடுகிறாள். பொரிக்க வேண்டுமென்றால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் தடவி, சிறுதீயில் திருப்பித் திருப்பி வேகவிடுகிறாள். சில நாள் பூண்டும் மிளகும் அரைத்துத் தடவி, எலுமிச்சை பிழிந்து, சின்னத் துண்டங்களாக வாழையிலையில் கட்டி ஆவியில்கூட வைக்கிறாள். அருமையாக இருக்கிறது! ஆவியில் ஒரு குற்றமும் இல்லை. என் கொழுப்பும் இறங்கிவிட்டது. தினமும் கடைக்கு நடந்துபோகிறேன், டாக்டரம்மா முதலிலேயே சொன்னதுதான்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "கண்ணு, யாரு சமையல்?"

"அம்மாதான் மாமா! அப்பாவ அடுப்புகிட்டயே வுடல!"

"அப்ப சரி" என்று செருப்பைக் கழற்றினார். மாங்காய் போட்ட குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, நித்யாவை மடியில் உட்கார வைத்துத் தோடு போட்டுவிட்டார். ஏழெட்டு வயதுப் பெண்ணுக்கு மடி போதவில்லை, கால் தரையில் இடித்தது. செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் யாராவது ஒருவர், "யாரு சமையல்? பாப்பாரப்பட்டி மாப்ள இல்லையே?" என்று கேட்காமல் இலையில் கை வைப்பதில்லை. கூட்டமே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கும்போதெல்லாம் ஒரு கை நீண்டு, என் மகள் இலையிலிருந்த அந்தக் கசப்புத் துண்டத்தைத் தன் இலைக்கு எடுத்துக்கொண்டது ஞாபகம் வரும். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கைக்கு ஊற்றுவது மட்டும்தான் இப்போது என் வேலை. அவர் போதும் என்று சொல்லி முடிக்கும்வரை ஊற்றுகிறேன்.